அரைப்பேர்

மனிதன் ஒருவன் இச்சமுதாயத்தில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்று கேட்பதற்கு எதனை ஆதாரமாகக் காட்ட வேண்டும்? தன்னால் பிறர்க்கு விளையும் பயனையா? அல்லது தான் மனிதன் என்னும் ஒன்றையேயா? அறநூலோர் நெடுங்காலமாகத் தர்க்கித்து வந்த இந்த வினா, இன்று நாம் எதிர்பாராத ஒரு திசையிலிருந்து, கணினித் தொழிலின் வாசல் வழியாக, மீண்டும் நம்முன் வந்து நிற்கிறது.

ஓட்டிசம் உள்ளவர்களைக் கணினித் தொழிலுக்கு, சிறப்பாகத் தகவல் பாதுகாப்பு வேலைக்கு, தேடி அழைக்கும் போக்கொன்று மேலை நாடுகளில் வளர்ந்து வருகிறது. 2004ஆம் ஆண்டளவில் டென்மார்க்கில் தோர்கில் சொன்னே என்பவர் இதற்கு வழி திறந்தார். அவருடைய மகனே ஓட்டிசம் உள்ளவன். 'வல்லுநர்கள்' என்று பொருள்படும் ஸ்பெஷலிஸ்தர்னே என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, அத்தகையோரை மென்பொருள்களைச் சோதிக்கும் வேலைக்கு அவர் அமர்த்தினார். 2011இல் ஜேர்மனியில் ஒட்டிகோன் என்னும் நிறுவனம் தோன்றியது. 2013இல் எஸ்.ஏ.பி. என்ற பெருங்கம்பனி, 2020ஆம் ஆண்டுக்குள் தன் ஊழியரில் நூற்றுக்கு ஒருவர் ஓட்டிசம் உள்ளவராக இருக்க வேண்டும் என்ற குறிக்கோளை அறிவித்தது. அதற்கு முன்னரே பெங்களூரில் ஆறு பேரைச் சோதனையாளராக அமர்த்திப் பார்த்திருந்தது. மென்பொருட் சோதனையிலிருந்து தகவல் பாதுகாப்புக்குப் பேச்சு நகர்வதற்கு அதிக காலம் செல்லவில்லை. அத்துறையில் ஆள் பற்றாக்குறை; இவர்களிடமோ பிழையைக் கண்டுபிடிக்கும் கண் இருக்கிறது என்கிறார்கள்.

அந்த வேலையின் இயல்பைச் சிறிது விளங்கிக்கொள்வது நல்லது. வங்கியொன்றின் கணினிகள், யார் எங்கிருந்து நுழைந்தார், எதனைத் திறந்தார், எப்போது வெளியேறினார் என்று நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான வரிகளைத் தாமே பதிந்துகொண்டிருக்கின்றன. கண்டிக் கிளையில் காலை எட்டரைக்கு வந்து மாலை ஐந்துக்குப் போகும் ஒரு லிகிதரின் பெயரால், இரவு இரண்டு மணிக்கு எங்கோ ஒரு நாட்டிலிருந்து எவனோ நுழைந்தால், அதைக் காட்டிக்கொடுக்க இயந்திரமே போதும். ஆனால் ஒவ்வொரு நாளும் வழமையான நேரத்தில், வழமையான வாசல் வழியாக வந்து, சிறிது சிறிதாக அள்ளிச் செல்லும் திருடனை இயந்திரம் எளிதில் காணாது. எழும் எச்சரிக்கைகளிற் பெரும்பாலானவை பொய்யானவை. அவற்றைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண் மெய்யானதையும் தள்ளிவிடும். ஒழுங்குக்கு மாறான ஒரு சிறு புள்ளியைக் கண்டதும் அதை விட்டுவிட முடியாத மனம் இங்கு வேண்டப்படுகிறது. அத்தகைய மனம் ஓட்டிசம் உள்ளவர்கள் பலரிடம் உண்டு. மேலும், இங்கே விளைவுதான் பேசும். கைகுலுக்கத் தெரிந்தவனா, கண்ணைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவனா என்பது உடைந்த பூட்டைக் கண்டுபிடிப்பதற்கு அவசியமில்லை. சொன்னே நேர்முகப் பரீட்சையை ஒதுக்கிவிட்டு, லெகோ கட்டைகளால் இயந்திர மனிதர்களைச் செய்யவிட்டுப் பல நாள் அவதானித்து ஆள் தெரிந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பலரிடம் உண்டு என்றோம். எல்லோரிடமும் உண்டு என்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டில்தான் நம் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஓட்டிசம் என்பது ஒற்றை அச்சில் வார்த்த குணம் அன்று. எண்களோடு விளையாடுவோரும் உண்டு. கூட்டல் கழித்தல் வராதோரும் உண்டு. வாழ்நாள் முழுவதும் வாய் திறந்து ஒரு சொல் பேசாதோரும், உண்ணவும் உடுக்கவும் பிறர் கை வேண்டி நிற்போரும் உண்டு. தமிழில் இதற்குச் சிலர் 'மன இறுக்கம்' என்று பெயரிட்டனர். மனத்தில் இறுக்கம் இருப்பதாகச் சொல்லும் அப்பெயரே ஒரு தவறான தீர்ப்பு என்பதால் அதை நாம் விலக்குகிறோம். இலங்கையில் ஓர் அரை நகர்ப்புறப் பகுதியில் ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து, ஹேமமாலி பெரேராவும் பிறரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்று கணக்கிட்டது. நூறு பிள்ளைகள் படிக்கும் சிறு தோட்டப் பாடசாலையிலும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

தோட்டம் என்றவுடன் நமக்கு ஒரு பழைய வாதம் நினைவுக்கு வருகிறது. கண்டிக்குத் தெற்கே, தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அந்நாள் தொட்டு மலைநாட்டுத் துரைமார் சொல்லி வந்த ஒரு சாத்திரம் உண்டு: இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவதற்கென்றே பெண்களின் விரல்கள் இயற்கையில் அமைந்திருக்கின்றன என்பதே அது. விரலைப் புகழ்ந்தவர்கள் அந்த விரலுக்குக் கொடுத்த விலை என்ன? 1984ஆம் ஆண்டு வரை தோட்டத்திற் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியைவிடக் குறைவு. இயற்கை கொடுத்த திறமைக்கு எதற்குக் கூலி என்பதுபோல் அந்தப் புகழ்ச்சி வேலை செய்தது. அதுமட்டுமன்று. நிறுக்கும்போது கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தால், கணக்கப்பிள்ளை அன்றைக்கு 'அரைப்பேர்' போடுவார். காலை முதல் மாலை வரை மலையில் நின்றவள் முழு மனுஷி. தராசின் முன் அவள் அரைப்பேர். மலையகத்தில் பிறந்த எவருக்கும் இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை.

ஒரு கூட்டத்தாரின் மூளை ஒரு வேலைக்கென்றே இயற்கையில் அமைந்தது என்று கம்பனிகள் இன்று புகழும்போது, அந்தப் பழைய குரல் நம் காதில் விழாமல் இருக்குமா? இந்நிறுவனங்கள் எல்லாம் குறைந்த கூலி கொடுக்கின்றன என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. சில நியாயமான சம்பளமே கொடுக்கின்றன. நம் ஐயம் கூலியின் அளவைப் பற்றியதன்று, தராசைப் பற்றியது. ஓட்டிசம் உள்ளவர்களை ஏற்றுக்கொள்ளுங்கள், ஏனெனில் அவர்கள் பயன்படுவார்கள் என்ற வாக்கியத்தின் முற்பகுதி மிக அழகானது. பிற்பகுதியோ, பயன்படாதவரை என்ன செய்வது என்ற கேள்வியை ஓசையில்லாமல் விட்டுச் செல்கிறது.

அந்தக் கேள்விக்கு வரலாறு ஒரு முறை விடை சொல்லியிருக்கிறது. வியன்னாவின் வைத்தியர் ஹான்ஸ் அஸ்பேர்கர் 1944இல் எழுதிய ஆய்வில், தாம் கண்ட விசித்திரமான சிறுவர்கள் சிலரின் அறிவுத் திறனை வியந்து, சமுதாயத்தில் அவர்களுக்கும் உரிய இடம் உண்டென வாதிட்டார். பல ஆண்டுகள் அவர் அப்பிள்ளைகளின் காவலராகவே போற்றப்பட்டார். 2018இல் ஹேர்விக் செக் என்னும் வரலாற்றாசிரியர் பழைய ஆவணங்களை ஆராய்ந்து வேறொரு பக்கத்தை வெளிக்கொணர்ந்தார். 'தேறமாட்டார்' என்று தாம் கருதிய பிள்ளைகளை, ஸ்பீகல்குருண்ட் என்னும் நிலையத்துக்கு அனுப்ப அதே அஸ்பேர்கர் பரிந்துரைத்திருந்தார். நாஜி ஆட்சிக் காலத்தில் அந்த நிலையத்தில் ஏறத்தாழ 800 பிள்ளைகள் மடிந்தனர். ஒரு கையால் காத்ததும் மறு கையால் கைவிட்டதும் ஒரே மனிதர் என்பதைவிட, இரண்டுக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தினார் என்பதே நம்மை அதிரச் செய்கிறது. இன்றைய கம்பனிகளை நாஜிகளோடு ஒப்பிடுவது அபத்தம். அதை நாம் செய்யவில்லை. அளவுகோல் பழையது என்கிறோம்.

இவ்விடத்தில் நம் அணியினரும் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அஸ்பேர்கருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டு முன்னர், 1925இல், மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்னும் பெண் வைத்தியர் ஆறு சிறுவர்களைப் பற்றி இதே இயல்புகளை எழுதி வைத்தார். உலகம் அவரை நெடுநாள் மறந்திருந்தது. அதைச் சொல்லி நாம் பெருமைப்படலாம். ஆனால் உழைப்பவனுக்கே உணவு என்ற முழக்கமும் அதே மண்ணில்தான் சுவரெங்கும் எழுதப்பட்டது. பிறர் உழைப்பில் வாழும் செல்வனை நோக்கி எறியப்பட்ட கல் அது. உழைக்க இயலாதவன் மீதும் விழும் என்பதை எறிந்தவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. மார்க்ஸ் எண்ணிப் பார்த்திருந்தார். கோதா வேலைத்திட்டத்தை 1875இல் விமர்சித்தபோது, சமமற்ற மனிதரை ஒரே கோலால் அளப்பது சமத்துவம் ஆகாது என்றும், உழைப்பை அளந்து கொடுக்கும் நீதி முதலாளித்துவச் சமுதாயத்தின் தழும்போடு பிறந்த நீதி என்றும் அவர் காட்டினார். அப்பகுதியை மேடையில் முழங்கியவர்களில் எத்தனை பேர், வீட்டின் பின்னறையில் அடைத்து வைக்கப்பட்ட பிள்ளையை நினைத்துக்கொண்டு முழங்கினோம்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு; அது வலியது. ஓட்டிசம் உள்ள இளைஞன் ஒருவனின் தாய் நம்மைப் பார்த்துக் கேட்பாள்: "உங்கள் தத்துவம் இருக்கட்டும். நான் போன பிறகு இவனுக்குச் சோறு போடுவது யார்? எந்தக் காரணத்துக்காக வேலை கொடுத்தால் என்ன, கொடுக்கிறார்களே!" இதற்கு நாம் தலைகுனிய வேண்டும். தன் கையால் வாங்கிய சம்பளம் ஒரு மனிதனுக்குக் கொடுக்கும் நிமிர்வை, அதை மாதந்தோறும் வாங்கிப் பழகிய நாம் எளிதாக எண்ணக் கூடாது. செல்வம் மிக்க பிரித்தானியாவிலேயே, ஓட்டிசம் உள்ள வயதுவந்தோரில் பத்துக்கு மூவர் மட்டுமே வேலையில் இருக்கின்றனர் என்று 2024இல் வெளியான பக்லண்ட் அறிக்கை கூறிற்று. வேலை வேண்டும். அதை வரவேற்போம். வேலையைப் பெற்றுக்கொண்டே, அதற்குச் சொல்லப்படும் காரணத்தை மறுப்பதும் நமக்கு இயலும். தோட்டத் தொழிலாளர் கூலியை வாங்கிக்கொண்டுதான் தராசை எதிர்த்துப் போராடினார்கள்.

அந்தத் திறமை எவருடைய கையில் இருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. கேரி மெக்கின்னன் என்னும் பிரித்தானியர் 2001, 2002ஆம் ஆண்டுகளில் அமெரிக்க இராணுவத்தினதும் நாசாவினதும் 97 கணினிகளுக்குள் புகுந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். பறக்கும் தட்டுகள் பற்றிய இரகசியத்தைத் தேடினேன் என்றார் அவர். அவருக்கு ஓட்டிசத்தின் ஒரு வகை இருப்பது 2008இல்தான் கண்டறியப்பட்டது. பல்லாண்டுச் சிறையை எதிர்நோக்கி அவர் பத்தாண்டு அலைக்கழிந்தார். 2012 ஒக்டோபரில்தான் பிரித்தானிய அரசு அவரை அமெரிக்காவிடம் ஒப்படைக்க மறுத்தது. அவர் செய்தது சரி என்று நாம் வாதிடவில்லை. ஆயினும், விடாப்பிடியாக ஒன்றைத் தேடும் அதே குணம் சம்பளப் பட்டியலில் இருந்தால் திறமை, வெளியே இருந்தால் அபாயம் என்று பெயர் பெறுவதை மறக்கலாகாது. இஸ்ரேலிலோ, 'தொலைவை நோக்குவோர்' என்று பொருள்படும் ரோயிம் ரஹோக் என்னும் திட்டம் 2013 முதல் ஓட்டிசம் உள்ள இளைஞரைப் பயிற்றி, செய்மதிப் படங்களை ஆராயும் இராணுவ உளவுப் பிரிவில் சேர்க்கிறது. வீட்டில் முடங்கிக் கிடந்தவனுக்குச் சீருடையும் தோழரும் கிடைக்கிறார்கள் என்று பெற்றோர் மகிழ்கின்றனர், அம்மகிழ்ச்சி பொய்யன்று. அப்படங்களில் தெரியும் கூரைகளின் கீழும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களிலும் ஓட்டிசம் உள்ளோர் இருப்பர் என்பதும் பொய்யன்று.

இனி நம்மூருக்கு வருவோம். கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஒரே லயத்தில் இரண்டு பிள்ளைகளைக் கற்பனை செய்துகொள்வோம். கற்பனைதான், எனினும் ஆசிரியர்களாகிய வாசகர்கள் இவர்களை எங்கேனும் சந்தித்திருப்பார்கள். ஒருவன், கண்டிக்குப் போகும் ஒவ்வொரு பஸ்ஸின் இலக்கத்தையும் நேரத்தையும் மனப்பாடமாகச் சொல்வான். பெரஹராவின் மேளம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் உருள்வான். மற்றவள் பேசுவதில்லை. இலைகளை அடுக்கி வைத்துக்கொண்டு நாள் முழுவதும் இருப்பாள். இவர்களுக்கு இருப்பது என்னவென்று அறியவே பேராதனைச் சிறுவர் வைத்தியசாலை வரை போக வேண்டும். போகும் நாளில் தாய்க்கு ஒரு பேர் இல்லை. களனிப் பல்கலைக்கழகத்தில் பேச்சுச் சிகிச்சைக்கான பட்டப் படிப்பு 2008இல் தொடங்கியது. ஆனால் தமிழில் அப்பயிற்சியைக் கொடுக்கக்கூடியோர் மிகச் சிலரே. பேச்சு வராத பிள்ளைக்கு அதன் தாய் பேசாத மொழியில் பேசப் பழக்குவது எத்தகைய சிகிச்சை என்று நாம் கேட்கிறோம்.

பேராதனையில் கணினிப் பொறியியற் பிரிவு 1985 முதல் இருக்கிறது. கலஹாவிலிருந்து அது தொலைவன்று. மலை இறங்கினால் போதும். பஸ் இலக்கங்களை மனத்தில் வைத்திருக்கும் அச்சிறுவன் அங்கே போய்ச் சேரக் கூடாதா? சேரலாம். ஆனால் இடையில் எத்தனை வாசல்கள்! 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே நிறுத்தப்பட்டன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. பின்தங்கி ஓடத் தொடங்கிய அந்த ஓட்டம் இன்னும் முடியவில்லை. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை மண்டபத்தில், பழக்கமில்லாத கதிரையும் பழக்கமில்லாத ஓசையும் அவனைக் குலைத்துவிட்டால், அவனுடைய திறமை பரீட்சைத்தாளை எட்டாது. டென்மார்க்கில் வல்லுநர் எனப்படுபவன் இங்கே 'குழப்படிக்காரன்' என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படுகிறான்.

இவ்வேலை நம் நாட்டுக்கு வேண்டாத ஆடம்பரம் என்று கூறிவிடவும் முடியாது. 2023இல் அரசாங்கத்தின் மின்னஞ்சற் தொகுதி தாக்கப்பட்டபோது, சுமார் 5,000 முகவரிகளுக்கு உரிய, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாமல் அழிந்தன. பொதுமக்களின் விவரங்களைக் காக்க வேண்டுமென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது, காப்பவர் யார்? மத்திய கிழக்கிலிருந்து தாய் அனுப்பும் பணமும், வைத்தியசாலை ஏட்டில் உள்ள நோயாளியின் பெயரும் பாதுகாக்கப்பட வேண்டியவையே. மறுபுறத்தில், அரச துறையின் வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்று அங்கவீனர்களுக்கு என்று 1988இல் வெளியான 27/88ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலையிற் பாகுபாடு கூடாது என்கிறது. 2016இல் ஐக்கிய நாடுகள் சாசனத்தையும் இலங்கை ஏற்றுக்கொண்டது. தேவையும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் அதிகாரியைத்தான் காணவில்லை. நேர்முகப் பரீட்சைக்குப் பதிலாக ஒரு வாரம் வேலை செய்யவிட்டுப் பார்ப்பதற்கோ, இரைச்சலில்லாத ஓர் அறை ஒதுக்குவதற்கோ, இன்ன நேரம் இன்ன வேலை என்று எழுத்தில் கொடுப்பதற்கோ திறைசேரியைக் காலி செய்ய வேண்டியதில்லை. இரவு பகலாக முறை மாற்றி விழித்திருக்கும் பாதுகாப்பு நிலையத்து வேலை இவர்களிற் பலரின் உறக்கத்தையும் உடலையும் கெடுக்கும் என்பதையும் இப்போதே பேசிவிட வேண்டும். ஒழுங்கை நேசிப்பவனை ஒழுங்கற்ற நேரத்தில் வேலை வாங்குவது, புகழ்ந்த விரலை ஒடிப்பதற்குச் சமம்.

இவை யாவும் நடந்தேறினாலும் அந்தச் சிறுவனுக்குத்தான் வழி பிறக்கும். இலைகளை அடுக்கும் அச்சிறுமி எங்கே போவாள்? தகவல் பாதுகாப்புக்கு அவள் வேண்டாம். எந்தப் பாதுகாப்புக்கும் எந்த உற்பத்திக்கும் அவள் வேண்டப்படாமலே போகலாம். அவளுக்குப் பாடசாலையும், பேச்சுப் பயிற்சியும், தாய் வேலைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள ஆளும், பின்னொரு நாள் தாய் இல்லாதபோது ஒரு வீடும் வேண்டும். இவற்றை அவள் எதையும் கொடுத்து வாங்க முடியாது. சிறுவனின் வெற்றிக் கதையைச் சொல்லி அவளுக்கு உதவி கேட்பவர்களும் உண்டு. 'இவர்களுக்குள்ளும் மேதைகள் இருக்கிறார்கள்' என்பார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சிபாரிசில் அவள் பெயர் இல்லை.

ஆசிரியர்களாகிய நாமும் இத்தராசைக் கையில் பிடித்தவர்களே. கணக்கிற் சுட்டியான பிள்ளை யாரையும் முகம் நிமிர்ந்து பாராவிட்டால், 'அறிவாளிகள் அப்படித்தான்' என்று பொறுத்துக்கொள்கிறோம். கணக்கும் வராத பிள்ளை அப்படியிருந்தால், விசேட பாடசாலைக்குக் கொண்டு போங்கள் என்று தாயிடம் சொல்லி அனுப்புகிறோம். அது எங்கே இருக்கிறது, எந்த மொழியில் நடக்கிறது, அங்கே போக எத்தனை பஸ் ஏற வேண்டும் என்று நாம் விசாரிப்பதில்லை. ஆசிரியர் சங்கங்களின் கூட்டங்களில் சம்பளமும் இடமாற்றமும் பேசப்படுகின்றன, பேசத்தான் வேண்டும். இப்பிள்ளைகளுக்காக ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரேனும் வேண்டும் என்ற தீர்மானம் அக்கூட்டங்களில் நிறைவேறுவதற்கு என்ன தடை?

காலையில் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடுகிறோம். பெயரைக் கேட்டுத் திரும்பிப் பாராமை ஓட்டிசம் உள்ள குழந்தைகளிடம் முதலில் காணப்படும் அடையாளங்களில் ஒன்று. இரண்டு முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் 'வரவில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிள்ளை முன்வாங்கில் அமர்ந்திருக்கிறது.